ராணுவ ஜோங்கா வாங்கலாமா? இனி எல்லாம் எடைக்குத்தான் போகுமா?

கோவை_மலையேறி:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வியாபாரியிடம் ஜோங்கா, அதாவது ராணுவத்துக்காகக் கட்டிய அந்தப் பெரிய ஜீப், ஒன்று நிற்கிறது. ராணுவ ஏலத்தில் எடுத்தது என்கிறார். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் அப்படியே இருக்கிறது, டீசலுக்கு மாற்றவில்லை. புளியமரத்தடியில் நின்று நின்று தார்ப்பாய் மக்கிவிட்டது, டயர் நான்கும் போய்விட்டது, ஆனால் பாடியில் பெரிய துரு இல்லை. மேலே அடித்த பெயிண்டுக்கு அடியில் பழைய வெள்ளை எழுத்து லேசாகத் தெரிகிறது, முன்னால் அந்த மேல்நோக்கிய அம்புக்குறி, அப்புறம் 86 என்ற எண். அதைத் தடவிப் பார்த்தபோது எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சின்ன வயதில் அம்மாவோடு குன்னூர் பஸ்ஸில் போகும்போது வெலிங்டன் பக்கம் இந்த வண்டிகள் வரிசையாக ஏறி வரும். ஜன்னலில் தொங்கிக்கொண்டு எண்ணுவேன்.

விலை நாலரை லட்சம். ஆர்சி இல்லை, ஏலப் பேப்பர் இருக்கிறது, ஆர்டிஓவில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். அதோடு இன்னொன்றும் சொன்னார். "இதுதான் தம்பி கடைசி. இனிமேல் மிலிட்டரியிலிருந்து வண்டி வண்டியாக வராது, தூள் தூளாகத்தான் வரும்." இது உண்மையா, இல்லை என்னை அவசரப்படுத்தச் சொல்கிறாரா?


பழையஇரும்பு:

தம்பி, அவசரப்படுத்தவும் சொல்கிறார், அதில் உண்மையும் இருக்கிறது.

என் அப்பா சென்னைப் புதுப்பேட்டையில் முப்பது வருடம் பழைய வண்டிப் பாகக் கடை வைத்திருந்தார். நானும் அவரோடு ஏலங்களுக்குப் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் ராணுவ டிப்போ மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, லாட் பிரித்து, சுண்ணாம்பால் நம்பர் போட்டிருப்பார்கள். முன்பணம் கட்டியவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். பானெட்டைத் தூக்கலாம், ஆயில் குச்சியை உருவிப் பார்க்கலாம், ஸ்டார்ட் பண்ண விடமாட்டார்கள். பத்து வண்டி லாட்டில் இரண்டு ஓடும், மூன்று முயன்றால் ஓடும், மற்றதெல்லாம் எலும்புக்கூடு. ஆனால் அந்த எலும்புக்கூடுதான் ஓடுகிற வண்டிகளுக்குச் சோறு போட்டது. கியர்பாக்ஸ், ஆக்சில், ஸ்டீயரிங் பெட்டி எல்லாம் அதிலிருந்துதான் வரும். வண்டியோடு உதிரி பாகமும் தனி லாட்டாக வரும், மெழுகுத்தாளில் சுற்றி கிரீஸ் பூசி, டிப்போ சீட்டு கட்டி, பிரிக்காத பெட்டியாக. அந்தப் பெட்டியைப் பிரிக்கும்போது வருகிற வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

ஏலத்துக்கு யார் யார் வருவார்கள் தெரியுமா? டெல்லி மாயாபுரி ஆட்கள், வங்காளத்துப் பானாகர் ஆட்கள், ஹரியானாவின் மண்டி டப்வாலி ஆட்கள். பானாகரில் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் தளம் இருந்தது. அவர்கள் விட்டுப்போன வண்டிகளில் தொடங்கிய சந்தை அது, பிறகு நம் ராணுவ வண்டிகளையும் விழுங்கியது. டப்வாலியில் ராணுவ ஜீப்பைப் பிரித்து, அகல டயர் போட்டு, பளபளவென்று புதிதாகக் கட்டி விற்பார்கள். பஞ்சாப் கல்யாண ஊர்வலத்தில் பார்க்கிற ஜீப் பலவும் அங்கே கட்டியவைதான். நம்மைப் போல அப்படியே வைத்திருக்க நினைப்பவன் ஏலத்தில் எப்போதுமே சிறுபான்மை. வியாபாரிதான் எடுப்பான், அவனிடமிருந்து நாம் எடுப்போம்.

அப்புறம் எம்எஸ்டிசி என்ற அரசு நிறுவனம் வழியாக ஆன்லைன் ஏலம் வந்தது. மைதானம் போய்த் திரை வந்தது, அவ்வளவுதான், வண்டி வண்டியாகத்தான் வந்துகொண்டிருந்தது. மாறியது 2021க்குப் பிறகு. அந்த வருடம் செப்டம்பரில் பதிவுபெற்ற நொறுக்கு நிலையங்களுக்கான விதிகள் வந்தன. அரசு நிறுவனங்கள் உபரி என்றோ, செப்பனிடக் கட்டுப்படியாகாதது என்றோ தள்ளிவிடும் வண்டிகளும் நொறுக்க வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கின்றன. நொறுக்கு நிலையத்துக்குள் போன வண்டி வெளியே இரும்பாகத்தான் வரும். சேசிஸில் நம்பர் அடித்த துண்டை மட்டும் வெட்டி ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று விதி. ஒரு ஜோங்காவில் மிஞ்சுவது அந்தக் கையகலத் தகடு, அதுவும் ஆறு மாதத்துக்கு.


தேனி_ஏலக்காடு:

எங்கள் ஊரில் ஏலத்தோட்டத்துக்கு ஏலத்தில் எடுத்த ஜீப்தான் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போடி, கம்பம் பக்கம் வந்து பாருங்கள், காலை ஐந்து மணிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகிற ஜீப்புகளில் எத்தனை பழசு என்று. எங்கள் அப்பா வைத்திருந்தது 3பி, அந்த உயரமான பானெட் உள்ள மகிந்திரா. மிலிட்டரியிலிருந்து வந்தது. பெட்ரோல் குடித்ததால் டிராக்டர் எஞ்சின் ஏற்றினார். பின்னால் பெஞ்சு அடித்தார். அவருக்கு அது சேகரிப்பு இல்லை, சோறு.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராணுவ ஏலம் என்றால் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். மலையில் புது ஜீப் வாங்க வசதியில்லாதவனுக்கு அதுதான் வழியாக இருந்தது. அவன் ஓட்டித் தேய்த்த வண்டியைத்தான் பிறகு சேகரிப்பவர்கள் தேடி வந்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வண்டி அப்படிப் போயிருக்கிறது. ஒருவர் வந்து எங்கள் 3பி-யைப் பார்த்துவிட்டு, விண்ட்ஷீல்டில் இருந்த ஓட்டையைத் தடவிக் கண்கலங்கினார். அது எதற்கு இருந்த ஓட்டை என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.


ஓய்வு_ஹவில்தார்:

தேனி தம்பி, கண்ணாடி நடுவில் பிளவு இருந்ததா, இல்லை ஆணி அடித்த ஓட்டை மட்டுமா? நடுவில் பிளவு இருந்தால் அது ஆர்சிஎல் ஜீப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. 106 மில்லிமீட்டர் பின்னதிர்வில்லாப் பீரங்கியை மேலே ஏற்றி ஓடிய வண்டி, குழல் முன்னால் நீட்டிக்கொள்ள அந்த இடைவெளி. 1965 பாகிஸ்தான் போரில் அசல் உத்தர் என்ற ஊரில் அப்துல் ஹமீது இப்படி ஒரு ஜீப்பில் இருந்துகொண்டுதான் பாட்டன் டாங்குகளை அடித்தார், பரம்வீர் சக்ரா அவருக்கு இறந்த பிறகு கிடைத்தது. அந்த வகை வண்டியில் உங்கள் அப்பா ஏலக்காய்க்கு ஆள் ஏற்றியிருக்கிறார் என்றால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வண்டி ஓடினால்தான் வண்டி.

நான் ஈஎம்இ-யில், அதாவது ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவில், வண்டி மெக்கானிக்காக 22 வருடம். ஷக்திமான் லாரியில் கைபழகி, ஜோங்காவில் வாழ்ந்து, மாருதி ஜிப்சியில் ஓய்வு பெற்றேன். ராணுவத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

வண்டியைக் கண்டம் செய்வது, அதாவது இனி உதவாது என்று கழிப்பது, நினைத்தவுடன் நடப்பதில்லை. இத்தனை வருடம், இத்தனை கிலோமீட்டர், செப்பனிட ஆகும் செலவு, எல்லாம் பார்த்துக் குழு உட்கார்ந்து கையெழுத்துப் போடும். கண்டம் ஆன பிறகு அது யூனிட்டுக்குப் பாரம். இடத்தை அடைக்கும், காவல் போட வேண்டும், கணக்கில் தூங்கும். அதனால் சீக்கிரம் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். யாருக்குப் போகிறது, அவர் அதை நேசிப்பாரா என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் கிடையாது. கோபப்பட்டு என்ன செய்வது, அந்தக் குழுவுக்குக் கொடுத்த வேலை அது இல்லை. பாதுகாப்பு ஒரு காரணம். பச்சை வண்டி, ராணுவ எழுத்து, ராணுவக் கொக்கி எல்லாவற்றோடும் வெளியே திரிந்தால் யார் எங்கே நுழைவான் என்று சொல்ல முடியாது. அதையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

கோவை தம்பிக்கு ஒன்று. அந்த அம்புக்கு அடுத்த இரண்டு எண்தான் வண்டி ராணுவத்துக்கு வந்த வருடம். உன் வண்டி 1986. ஜபல்பூர் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை கட்டினார்கள், நிசான் பேட்ரோல் வண்டியின் உரிமம் வாங்கி. ஜபல்பூர், ஆர்ட்னன்ஸ், கன் கேரியேஜ், அசெம்ப்ளி என்ற சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர்தான் ஜோங்கா. லடாக்கிலும் ஓட்டியிருக்கிறேன், ராஜஸ்தானிலும் ஓட்டியிருக்கிறேன். பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடிக்கும், ஆனால் மணலில் நின்றுபோய் நான் இறங்கித் தள்ளியதில்லை.


வண்டிச்சட்டம்:

பேப்பர் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் வண்டியை விடப் பேப்பர்தான் முக்கியம், அதில் ஏமாந்தவர்கள் அதிகம்.

ராணுவத்தில் இருக்கும்வரை அந்த வண்டி ஆர்டிஓ பதிவில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 60-ன்படி ராணுவமே பதிவு செய்துகொள்கிறது. பாதுகாப்புப் பயன்பாட்டிலிருந்து வெளியே வந்த பிறகு சாதாரண வண்டி போலப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மத்திய மோட்டார் வாகன விதி 47 தெளிவாகச் சொல்கிறது: முன்னாள் ராணுவ வண்டி என்றால் சம்பந்தப்பட்ட அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்று படிவம் 21-ல் வேண்டும். அசல். ஜெராக்ஸ் இல்லை, "என் மச்சான் பெயரில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்" இல்லை. ஏலம் எடுத்த லாட் பட்டியலின் நகலை மட்டும் காட்டினால் நடையைக் கட்டுங்கள். ஒரு லாட் பேப்பரை வைத்துக்கொண்டு அதில் இருந்த ஒரே வண்டியை மூன்று பேருக்கு விற்ற கதை எனக்குத் தெரியும்.

நம் வாசகர்களில் ஒருவருக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஒழுங்கான பேப்பரோடுதான் போனார். "பிஎஸ் 6 இல்லாத வண்டியைப் புதிதாகப் பதிவு செய்ய முடியாது" என்று புகை விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராணுவ வண்டிக்கு இது முதல் பதிவு மாதிரி தெரிவதுதான் சிக்கல். எட்டு மாதம் நடந்தார், கடைசியில் வண்டியைப் பண்ணைக்குள் மட்டும் ஓட்டுகிறார். அதனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் எந்த ஆர்டிஓவில் பதிவு செய்யப் போகிறீர்களோ அங்கே எழுத்தில் கேளுங்கள்.

50 வருடம் தாண்டியதற்கு வழி இருக்கிறது. 2021-ல் வந்த விதியில் முதல் பதிவிலிருந்து 50 வருடமான, பெரிதாக மாற்றாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு "விஏ" எழுத்தோடு தனி எண் உண்டு. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டக் கூடாது. ஆனால் உங்கள் 86 ஜோங்காவுக்கு அந்த வயது வர 2036 ஆகும்.

இன்னும் ஒன்று, பலருக்கும் தெரியாதது. ஆலிவ் பச்சை பெயிண்ட். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு வண்டிக்கு அந்த நிறம் அடிக்கக் கூடாது. அசலாக வைத்திருக்க ஆசைப்படுகிறவருக்கு இது எவ்வளவு வலி என்று எனக்குப் புரிகிறது, ஆனால் சாலையில் பிடித்தால் வாதாட இடமில்லை.


நீலவானம்_மதுரை:

எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நான் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வண்டிகள் மக்கள் வரிப்பணத்தில் வாங்கியவை. எடைக்குப் போட்டால் கணக்கு சுத்தமாக இருக்கிறது, முறைகேட்டுக்கு இடம் குறைகிறது. பழைய ஏலங்களில் வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து விலையை அமுக்கியது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அடுத்தது புகை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடும் வண்டியை எதற்குச் சாலையில் விட வேண்டும்? 15 வருடமான அரசு பஸ்ஸையும் ஆம்புலன்ஸையும் 2023 ஏப்ரல் முதல் பதிவை ரத்து செய்து நொறுக்கச் சொல்லும்போது ஜோங்காவுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை? உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.


பழையஇரும்பு:

நல்ல கேள்வி. வியாபாரிகள் விலையை அமுக்கியது உண்மை. என் அப்பாவின் தலைமுறையிலேயே பார்த்திருக்கிறேன், மறைக்கமாட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்ன 2023 விதியே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் கவச வண்டி மாதிரியான சிறப்பு வண்டிகளுக்கு அந்த 15 வருட ரத்து பொருந்தாது. அதாவது எல்லா வண்டியும் ஒன்றில்லை என்று அரசே ஒப்புக்கொள்கிறது. வேலையில் இருக்கும்போது தனி, ஓய்வு பெற்றதும் அலுவலக அம்பாசடரோடு சேர்த்து ஒரே தராசு. அந்த இடத்தில்தான் எனக்கு வருத்தம்.

நான் ஆயிரம் வண்டி கேட்கவில்லை. ஷக்திமான் லாரி 1959-ல் ஜபல்பூரில் ஜெர்மனி மான் கம்பெனி உரிமத்தில் தொடங்கி 1996 வரை வந்தது. மலை எல்லைக்குச் சாமான் சுமந்தது பெரும்பாலும் அதுதான். இன்று ஓடுகிற நிலையில், அசல் எஞ்சினோடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். வருடத்துக்கு ஒவ்வொரு மாடலிலும் பத்து வண்டி, பிரித்து எடுத்து, பதிவுபெற்ற சங்கத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ தனி மனிதருக்கோ, மாற்றமாட்டேன் விற்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஏலம் விடட்டும். எடைக்குப் போட்டால் கிடைப்பதை விடப் பல மடங்கு வரும். வரிப்பணத்துக்கு அதுதானே நல்லது? புகை பற்றிச் சொன்னீர்கள், சேகரிப்பவன் வருடத்துக்கு ஓட்டுவதை உங்கள் தெரு ஆட்டோ ஒரு வாரத்தில் ஓட்டிவிடும்.


லீட்ஸ்காரன்:

இங்கிலாந்தில் இருக்கிறேன், ஊர் திருச்சி. என்னிடம் லேண்ட்ரோவர் லைட்வெயிட் ஒன்று இருக்கிறது. ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்குவதற்காகவே பாடியை ஒடுக்கிச் செய்த ராணுவ மாடல். இங்கே ராணுவம் தள்ளும் வண்டிகளை ஓடுகிற நிலையிலேயே விற்கிறார்கள். 40 வருடம் தாண்டினால் சாலை வரி இல்லை, வருடாந்திரச் சோதனை கட்டாயம் இல்லை. வண்டியின் ராணுவ வாழ்க்கை அட்டையைக் கூடத் தேடி எடுக்க முடிகிறது, எந்த யூனிட், எந்த ஊர், எந்த வருடம் என்று. நான் என் வண்டிக்கு எடுத்தேன், ஜெர்மனியில் ஆறு வருடம் இருந்திருக்கிறது.

அமெரிக்கா இரண்டு பக்கமும் போய்ப் பார்த்த நாடு. எம்151 என்று ஒரு ஜீப், பின் சஸ்பென்ஷன் காரணமாக வளைவில் கவிழும் என்பதால் பொதுமக்களிடம் முழுசாகப் போகக் கூடாது என்று இரண்டாக நாலாக வெட்டித்தான் விற்றார்கள். சேகரிப்பவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? துண்டுகளை வாங்கித் திரும்ப ஒட்டவைத்தார்கள். ஒட்டிய வண்டி முழு வண்டியை விட ஆபத்து. ஹம்வீ என்ற அகலமான ராணுவ வண்டியையும் பல வருடம் வெளியே விடாமல் வைத்திருந்துவிட்டு, 2014-ல் ஏலத்துக்கு விட்டார்கள், சாலைக்கு வெளியே ஓட்ட மட்டும் என்ற நிபந்தனையோடு. நம் ஊரிலும் வெட்டத் தொடங்கினால் அந்த ஒட்டுவேலை தொடங்கும். அதுதான் எனக்குப் பயம்.


வண்டிச்சட்டம்:

தொடங்கிவிட்டது. செத்த வண்டியின் பேப்பரை மட்டும் வாங்கி, பேப்பர் இல்லாத வண்டியின் சேசிஸைத் தேய்த்து அந்த நம்பரை அடிக்கிறார்கள். வழி அடைக்க அடைக்கப் பேப்பருக்குத் தனி விலை வருகிறது. இன்னொரு கூட்டம் பழைய பொருள் விற்கும் தளங்களில் ராணுவச் சீருடை போட்ட படத்தோடு, "எனக்கு மாற்றல் வந்துவிட்டது, ஜிப்சியை ஒன்றரை லட்சத்துக்குத் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள்" என்று எழுதுகிறது. அப்படி ஒரு ஜிப்சியே கிடையாது.


ரேலி_ஜிப்சி:

ஜிப்சி என்றதும் வந்துவிட்டேன். கோவையில் நாங்கள் பத்து பன்னிரண்டு பேர் மலைப்பாதைப் பந்தயம் ஓட்டுகிறோம், எங்கள் வண்டிகளில் பாதி ராணுவ ஜிப்சிதான். லேசான வண்டி, 1.3 லிட்டர் எஞ்சின், உடைந்தாலும் ரோட்டோரத்தில் சரிபண்ணலாம். 2019-ல் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள், அதற்கு முன்பே 2017-ல் ராணுவம் 3,192 டாடா சஃபாரி ஸ்டார்ம் கேட்டது, பிறகு ஸ்கார்ப்பியோ போனது. ஆக, படிப்படியாக ஜிப்சி முழுக்க வெளியே வரும் காலம் இது. வருகிற நேரத்தில் கதவை அடைத்தால் எப்படி? பாகத்துக்கே தடுமாறுகிறோம்.

ஜோங்காவுக்கு விலை ஏறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019-ல் தோனி ராஞ்சியில் ஜோங்கா ஓட்டிக்கொண்டு போன படம் வந்தது. அதுவரை ஜோங்கா என்றால் என்ன என்று கேட்டவர்கள் எல்லாம் அதற்கு அடுத்த வாரம் என்னிடம் விலை கேட்டார்கள். சென்னை ரசிகன்தான் நான், தலயைக் குறை சொல்லவில்லை. ஆனால் அப்போது வாங்கியவர்களில் பலர் சஸ்பென்ஷனைத் தூக்கி, அசல் எஞ்சினை இறக்கிவிட்டு, நவீன டீசலைப் போட்டு நாசம் செய்துவிட்டார்கள்.


திருவொற்றியூர்_புல்லட்:

நாலு சக்கரத்துக்கு வழியில்லாதவர்கள் ராணுவ புல்லட்டைப் பாருங்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து இங்கே புல்லட் கட்டத் தொடங்கியதற்கே ராணுவம் கேட்டு வாங்கியதுதான் தூண்டுகோல். என் வண்டி ஏலத்தில் வந்தது, ராணுவக் கேரியரோடு. பாகம் இன்றும் கிடைக்கிறது, பதிவும் முன்பே ஆனது. சின்ன வீட்டில் வைக்க இடம் இருக்கிறது. விஷயத்தை விட்டு விலகிவிட்டேன், தொடருங்கள்.


கோவை_மலையேறி:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. நேற்று வியாபாரியிடம் போய்ப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அசல்தான், முத்திரை இருக்கிறது, படிவம் 21 இருக்கிறது. ஆனால் அதில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எஞ்சின் எண்ணும் வேறு. சேசிஸ் எண் சரியாக இருக்கிறது. எஞ்சின் எண் மாறினாலே மோசடிதானா?


ஓய்வு_ஹவில்தார்:

இல்லை தம்பி, பொறு. ராணுவ வண்டியில் எஞ்சின் மாறுவது சர்வ சாதாரணம். எஞ்சின் தேய்ந்தால் நாங்கள் அதே எஞ்சினைச் சரிபண்ணித் திரும்பப் போடுவோம் என்று காத்திருக்கமாட்டோம். செப்பனிட்டு வந்த வேறு எஞ்சினை ஏற்றி வண்டியை அனுப்பிவிடுவோம், கழற்றியது ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். பத்து வருடத்தில் மூன்று எஞ்சின் கண்ட வண்டி உண்டு. அதனால் தொழிற்சாலையில் வந்த எண்ணும் இப்போதைய எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அசல் என்று தேடுகிறவர்கள் ராணுவ வண்டியைப் புரிந்துகொள்ளவில்லை.

ஆனால் உன் விஷயம் வேறு. விற்பனைச் சான்றில் இருக்க வேண்டியது, டிப்போவை விட்டு வெளியே வந்த நாளில் வண்டியில் இருந்த எஞ்சினின் எண். அது மாறியிருக்கிறது என்றால் ஏலத்துக்குப் பிறகு யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஏன் கழற்றினார்கள் என்று கேள். அப்புறம், சேசிஸ் எண் சரியாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறாய்? ரிவெட் அடித்த தகட்டைப் பார்த்தா, சேசிஸ் இரும்புச் சட்டத்திலேயே அடித்ததைப் பார்த்தா? தகட்டைப் பிடுங்கி வேறு வண்டியில் அடிக்க அஞ்சு நிமிடம் போதும். சட்டத்தில் எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்திருப்பார்கள், எண் உள்ளே புதைந்திருக்கும். நான் இருப்பது மேட்டுப்பாளையம் பக்கம்தான். ஞாயிறு காலை வருகிறேன். நீ டார்ச்சும் உப்புத்தாளும் கொஞ்சம் தின்னரும் கொண்டுவா.


கோவை_மலையேறி:

ஞாயிறு போய் வந்தோம். ஐயா வந்து பேசவே இல்லை, நேராகத் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார், அந்த வயதில். சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே பச்சை, அதற்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் பச்சை என்று வர வேண்டுமாம். எண் இருந்த இடத்தில் மட்டும் ஒரே பூச்சு, அதற்கு அடியில் நேராகப் பளபளக்கும் இரும்பு. கிரைண்டர் தேய்த்த கோடு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. எண்களும் கோணலாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்தில். ஐயா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இது வேறு வண்டியின் பேப்பர்" என்று மட்டும் சொன்னார்.

வியாபாரி சண்டை போடவில்லை. நாலு லட்சத்துக்குத் தருகிறேன் என்றார். வந்துவிட்டோம்.

வரும் வழியில் டீக்கடையில் ஐயா ரொம்ப நேரம் பேசவில்லை. எனக்கு வண்டி கிடைக்காதது பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பேப்பருக்குச் சொந்தமான ஜோங்கா எங்கேயோ துண்டாகிவிட்டது, இங்கே நிற்கிற ஜோங்காவுக்குத் தன் பெயரே இல்லை. ஒழுங்காக, முழுசாக, வெளிப்படையாக விற்றிருந்தால் இரண்டுமே இருந்திருக்கும். அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.


தேனி_ஏலக்காடு:

தம்பி, வருத்தப்படாதீர்கள். ஒரு தகவல். எங்கள் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவரிடம் ஜோங்கா இருக்கிறது. தொண்ணூறுகளில் ஏலத்தில் எடுத்து அப்போதே தமிழ்நாட்டுப் பதிவு போட்டது, ஆர்சி அவர் அப்பா பெயரில், ஒவ்வொரு தடவையும் புதுப்பித்திருக்கிறார்கள். டீசல் எஞ்சின் ஏற்றியிருக்கிறார், நிறமும் வெள்ளை, பின்னால் பெஞ்சு. பார்த்தால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் கழற்றிய பெட்ரோல் எஞ்சினை அவர் எடைக்குப் போடவில்லை. ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார், நான் நேற்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கையால் சுற்றினால் சுற்றுகிறது.


பழையஇரும்பு:

சுற்றுகிறதா! அப்படியென்றால் அதை யாரும் தொட வேண்டாம், முதலில் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். வாட்டர் பம்பும் கேஸ்கெட் செட்டும் பிரிக்காத பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது, அப்பா காலத்தது. கோவை தம்பிக்குத்தான்.


கோவை_மலையேறி:

சனிக்கிழமை அதிகாலை கிளம்புகிறேன். ஹவில்தார் ஐயாவும் வருகிறேன் என்கிறார். தேனி அண்ணா, ஆர்சியில் எஞ்சின் மாற்றம் ஏற்றியிருக்கிறார்களா என்று மட்டும் அவரிடம் கேட்டு வையுங்கள். டார்ச்சும் உப்புத்தாளும் வண்டியிலேயே இருக்கிறது.